பூசாரி இல்லாத படை

ஆறு வாள்வீரர்கள் இருந்தால் போதும், அந்தப் பாதாளக் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிடலாம் என்று நான் மனதார நம்பினேன். கோட்டை ஏற்கெனவே தரைக்குக் கீழேதான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. நம்பியதோடு நிற்காமல் மற்ற ஐந்து பேருக்கும் அதைப் பிரசங்கம் செய்தேன். வாய் இருந்தது, செய்தேன். அந்த வாயைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஒரு உரக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். ஆறு மாதப் படிப்பு, ஆறு மாணவர்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டர். கருந்திரையில் பச்சை எழுத்து. அதற்குக் குளிரூட்டிய அறை. எங்களுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் பயபக்தியோடு நிற்கும் பாக்கியம். நான் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் தினமும் வருவேன். டிகிரி முடித்து வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம்.

உரக்கடை முதலாளிதான் சென்டருக்கும் முதலாளி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஆட்டம். மெஷினைப் பொருத்த மெட்ராசிலிருந்து வந்த ஆள் விட்டுப்போன ஒரு பிளாப்பியில் அது இருந்தது. ஆறு பேரை உருவாக்கிப் படையாகக் கட்டி, கோட்டைக்குள் இறக்கி, பூதங்களோடு மோத வேண்டும். ஆறு பேர் நாங்கள், ஆளுக்கு ஒரு வீரன். கடவுளே கணக்குப் போட்டு அனுப்பியது மாதிரி இருந்தது.

ஆறு வாள்வீரர்களும் இறங்கினார்கள். முன்வரிசையில் மூன்று பேர் வெட்டினார்கள். பின்வரிசையில் நின்ற மூன்று பேரின் வாள் எதிரிக்கு எட்டவே இல்லை. கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் செத்ததும் இவர்கள் முன்னால் வந்து செத்தார்கள். மொத்தம் பத்து நிமிடம். செத்தவன் செத்தவன்தான், பிளாப்பி அதை உடனே எழுதி வைத்துக்கொள்ளும். நான் வியர்த்துப்போய், மெஷினில் கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லடா. படைதான் கோளாறு" என்றான் வானூர்க்காரன்.

எங்கள் ஆறு பேரில் அவன் ஒருவன்தான் பிளாப்பியோடு வந்த இருபது பக்க ஜெராக்ஸ் தாள்களைப் படித்தவன். இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தான். வானூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். ஊரில் இல்லை, ஊருக்கு வெளியே காலனியில். அவன் அப்பாவும் அம்மாவும் ஆண்டைகள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவர்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரிதான் டீ குடித்தோம், தோளில் கை போட்டோம். தெரியும்.

அவன் தாளை விரித்து வைத்துச் சொன்னான். "முன்னாடி மூணு வாள் போதும். பின்னாடி மந்திரவாதி ஒருத்தன், தூரத்துல இருந்தே நெருப்பு விடுவான். திருடன் ஒருத்தன், கண்ணி வெச்ச பொட்டியத் தொறப்பான். பூசாரி ஒருத்தன். அவன்தான் முக்கியம். காயம் ஆத்துறது அவன்தான். பூசாரி இல்லாம ஒரு மாடிகூட எறங்க முடியாது."

அவ்வளவு தெளிவாக எங்கள் வாத்தியார்கூட எதையும் சொன்னதில்லை. மூன்று வாள்களையும் மூன்று பேர் உடனே பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் வல்லத்துக்காரன். செஞ்சிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, பேச்சில் கொஞ்சம் மிதப்பு. நிறையப் பேசுகிறவன் என்பதால் மந்திரவாதி எனக்கு. மிச்சம் பூசாரியும் திருடனும். மிச்சம் இருந்தவர்கள் திண்டிவனம் உள்ளூர்ப் பையனும் வானூர்க்காரனும்.

உள்ளூர்க்காரனைப் பார்த்தோம். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வேணாம்ப்பா. காலையிலதான் மீன் கொழம்பு துன்னுட்டு வந்தேன். பூசாரின்னு பேர் வெச்சிக்கினு எதுனா தப்பாப் பூடுச்சின்னா?"

"அதானே" என்றான் வல்லத்துக்காரன். "எங்க ஊர் கோயில்ல அந்த ஒரு குடும்பத்த வுட்டு வேற எவனும் கதவத் தொட முடியாது. பூசாரின்னா சும்மாவா."

சிரிக்காதீர்கள். திரையில் அந்தப் பூசாரி என்பவர் ஒரு பச்சை எழுத்து. கும்பிடும் சாமி எது என்றுகூட ஆட்டத்தில் சொல்லவில்லை. அதற்கு நாங்கள் ஆசாரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கம்ப்யூட்டர்ல இன்னாடா குடும்பம்" என்றான் வானூர்க்காரன். "நான் இருக்கறேன் பூசாரியா. அந்த மந்திரம் எல்லாத்தையும் நான்தான படிச்சிருக்கிறேன்."

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வல்லத்துக்காரன் ஜன்னலைப் பார்த்தான். உள்ளூர்க்காரன் தன் கால் விரலைப் பார்த்தான். எனக்கு அமைதி என்றால் ஆகாது. அந்த இடத்தை எதையாவது சொல்லி மூடினால்தான் மூச்சு வரும். மூடினேன்.

"நீ மணி அடிச்சா சாமி எழுந்து பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிடும்டா. நீ திருடனா இரு, ஒன் கைக்குத்தான் பூட்டு தெறக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார்கள் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. அவர்கள் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன். அதுவும் தமாஷாக, யாரும் கோபித்துக்கொள்ள முடியாதபடி. அவனும் லேசாகச் சிரித்தான். தன் பெயரைத் தட்டி, திருடன் என்பதைத் தேர்ந்தெடுத்தான். உள்ளூர்க்காரன் நான்காவது வாள்வீரனாகப் பின்வரிசையில் நின்றான், எட்டாத வாளோடு. பூசாரி இடத்துக்கு ஆள் இல்லை.

பத்து நாள் ஆடினோம். திருடன் திறந்த பெட்டி ஒன்றுகூட வெடிக்கவில்லை. கட்டம் போட்ட காகிதத்தில் கோட்டையின் ஒவ்வொரு சந்து பொந்தையும் அவனே வரைந்தான். காயம் பட்டால் ஆற்ற ஆள் இல்லாததால் நாலு அடி போவதும் திரும்பி ஓடி மேலே இருக்கும் ஊருக்கு வருவதுமாக இருந்தோம். நான் மந்திரவாதி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை நெருப்பு விடுவேன், மற்ற நேரமெல்லாம் படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று நடுங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் தபால்காரர் ஏறி வந்ததற்கு மெயின் ஸ்விட்சையே அணைத்தவன் நான்.

பதினோராவது நாள் வல்லத்துக்காரனின் வீரனை ஏதோ ஒரு பூச்சி கடித்தது. ஆள் சாகவில்லை, கல் மாதிரி விறைத்துப் போனான். தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம். அங்கே ஒரு கோயில் இருந்தது, அது கேட்ட காணிக்கை எங்களிடம் இல்லை.

வானூர்க்காரன் தாளைப் புரட்டினான். "இதுக்கு ஒரே வழி. திருடன நிறுத்தி வெச்சிட்டு எம் பேர்ல ஒரு பூசாரி போடலாம். நாலஞ்சு தடவை எறங்கி ஏறுனா அந்த மந்திரம் வந்துரும். ஒன் ஆள நானே எழுப்பிடறேன்."

வல்லத்துக்காரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் ஆளு அப்பிடியே கெடந்து செத்தாலும் பரவால்ல. இவன் மந்திரம் போட்டு எழுந்து வர வேணாம்."

பச்சை எழுத்தில் பத்து நாளைக்கு முன் பிறந்த ஒருவன். அவன் வாழ்வதைவிட, வானூர்க்காரன் கை படாமல் சாவது மேல். இதை வல்லத்துக்காரன் கோபத்தில்கூடச் சொல்லவில்லை. சோறு வேண்டாம், வயிறு சரியில்லை என்பது போலச் சொன்னான். மறுபடியும் ஏசியின் உறுமல். நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். என்ன சொல்லிச் சிரித்தேன் என்பதுகூட நினைவில்லை, ஆனால் முதலில் சிரித்தது நான்தான்.

வானூர்க்காரன் வல்லத்துக்காரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். ஜெராக்ஸ் தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தான், வெளியே போய்ச் செருப்பை மாட்டினான், இறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வல்லத்துக்காரன் போன மாதம் எனக்குப் போன் செய்தான். பேரப்பிள்ளை விளையாடுவதைப் பார்த்ததும் பழைய ஆட்டம் ஞாபகம் வந்ததாம். "அப்பல்லாம் நம்ம ஒரு வித்தியாசம் பாத்தமா மச்சான், எல்லாம் ஒண்ணாத்தான இருந்தோம்" என்றான். போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்காமல் "ஆமாம் ஆமாம்" என்று சொன்னேன். வாய் அன்றைக்கு மாதிரியே இருக்கிறது.

வானூர்க்காரன் போன மூன்றாம் நாள் படை மொத்தமாக அழிந்தது. விறைத்துக் கிடந்தவனையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம். திருடனை உள்ளூர்க்காரன் ஓட்டினான். ஒரு பெட்டியைத் தொட்டான், விஷப்புகை கிளம்பியது, ஆற்ற ஆள் இல்லை. நான் பதறிய பதற்றத்தைச் சொன்னால் வெட்கம். எழுத்தெல்லாம் போச்சே என்று கீபோர்டின் எல்லாக் கட்டையையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். பிளாப்பியை வெளியே இழுத்து விசிறினேன், காற்று பட்டால் பிழைப்பார்கள் என்பது போல. மறுநாள் சென்டருக்குப் போகாமல் திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அவன் இல்லாமல் ஆட்டம் ஓடவில்லை, அதனால் போனேன்.

காலனியில் கேட்டதில், ரோட்டோரம் கட்டிட வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். தலையில் சும்மாடு, முகமெல்லாம் சிமெண்ட்.

"எல்லாரும் செத்துட்டாங்கடா" என்றேன், மூச்சு வாங்க.

செங்கல்லை அப்படியே போட்டான். "யாருடா? பஸ் கவுந்துடுச்சா?"

"இல்லடா. நம்ம படை. ஆறு பேரும். பொட்டி வெடிச்சு."

அங்கேயே உட்கார்ந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "இதச் சொல்லவா பஸ் புடிச்சி வந்த? பேஜாருடா ஒன்னோட. பூசாரி இல்லாம எறங்குனா சாவாம இன்னா பண்ணுவான்?"

"அதான் சொல்றேன். நீ வாடா. நீயே பூசாரியா இரு."

சிரிப்பு நின்றது. சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"யாரு சொல்றது? நீயா, அவங்களா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ இங்க வந்து சொல்ற. இங்க யார் கேக்கறாங்க, இந்தச் செங்கல்லா? அங்க வெச்சி சொல்லு. அவன் எதிர்ல. 'இவன்தான் பூசாரி, இஷ்டம் இருந்தா ஆடு, இல்லன்னா எழுந்து போ'ன்னு. அத மட்டும் சொல்லிட்டு ஆள் அனுப்பு, நான் அடுத்த பஸ்ல வர்றேன். எனக்கும் அந்தப் படிப்ப முடிக்கணும்னுதான் இருக்குது."

"சொல்றேன்டா. நாளைக்கே சொல்றேன்."

"தமாஷ் பண்ணாம சொல்லு" என்றான். மேஸ்திரி கூப்பிட்டார். எழுந்து போனான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். இவன்தான் பூசாரி, இஷ்டம் இருந்தா ஆடு, இல்லன்னா எழுந்து போ. கிளியனூர் தாண்டும்போது மிகவும் வீரமாக இருந்தது. திண்டிவனம் வந்து இறங்கும்போது, "எல்லாரும் கொஞ்சம் யோசிச்சிப் பாருங்க" என்று அதற்கு முன்னால் ஒரு வரி சேர்ந்திருந்தது. மறுநாள் காலை ரயிலில், "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்பதும் சேர்ந்துகொண்டது. மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள் மற்றதெல்லாம் தேய்ந்து அந்த ஒரு வரிதான் மிச்சமிருந்தது.

ஒரு மணிக்கு முதலாளி கிளம்பினார். நால்வரும் புதுப்படை கட்ட உட்கார்ந்தார்கள்.

"நேத்து எங்கடா போன?" என்றான் வல்லத்துக்காரன்.

"பல்லு வலி" என்றேன்.

"அவன் வரமாட்டான் போல இருக்குதே" என்றான் உள்ளூர்க்காரன். "பூசாரிக்கு இன்னாடா பண்றது?"

அவன் என்னைத்தான் கேட்டான். நால்வரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதைவிட நல்ல நேரம் எவனுக்கும் வாய்க்காது.

நான் சொல்லவில்லை. இன்னொரு வாள்வீரனைப் போட்டோம். வானூருக்கு யாரையும் அனுப்பவில்லை. அவன் அந்தப் படிப்பை முடிக்கவில்லை.