ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு

மைசூரில் டைல்ஸ் ஒட்டும் செந்தில்நாதனுக்கு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் ஞாயிறு. மற்றதெல்லாம் சிமெண்டும் தூசியும். சொந்த ஊரான கௌதள்ளியில் மனைவி காய்ச்சலில் போனபின் மகள் ஜீவிதாவை இங்கே ஓர் ஆஸ்டலில் சேர்த்துவிட்டு, கட்டுகிற கட்டடத்திலேயே படுத்து எழுகிற மனுஷன். பதினொரு வயது மகள் செஸ் போட்டிக்கு வரும் நாளில்தான் அவளைக் கண்ணால் பார்க்கலாம்.

பார்க்கலாம், பேசத்தான் முடியாது. அதற்குக் காரணமும் அவனேதான், வேறு யாரைச் சொல்ல? முதல் போட்டியில், பிள்ளை இளைத்துவிட்டாளே என்று மத்தியானம் பிரியாணியை ஊட்டித் தள்ளினான். நாலாவது சுற்றில் அவள் காய்களுக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தாள். அடுத்த போட்டியில் சாப்பாட்டைக் குறைத்தான், வாயைக் குறைக்கவில்லை. அவள் அம்மா வளர்த்த ஆடு செத்துப்போனதை இடைவேளையில் சொல்லித் தொலைத்தான். பிள்ளை உள்ளே போய் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தது.

அதிலிருந்து ஆள் மாறிவிட்டான். காலையில் இரண்டு இட்லி. பிறகு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் அரை வயிற்றுக்குத் தக்காளிச் சாதம், அப்புறம் வாழைப்பழம், கடைசிச் சுற்றுக்கு முன் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். தின்றதும் பத்து நிமிஷம் மரத்தடியில் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். ஜெயித்தாளா தோற்றாளா என்று கேட்கவே மாட்டான். மற்ற பெற்றோர்கள் கும்பலாய் நின்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஆட்டத்தை அலசுவார்கள். இவன் ஒதுங்கி உட்கார்ந்து டப்பா கழுவுவான். பேச்செல்லாம் கடைசியான ஐந்தாம் சுற்று முடிந்து, ஆஸ்டல் வேன் ஆறரைக்குக் கிளம்பும்வரை கிடைக்கிற அந்த அரைமணி நேரத்தில்தான்.

இந்த ஞாயிறு அந்த அரைமணி அவனுக்கு உயிர். மறுநாள் விடிகாலை ரயிலில் ஹுப்பள்ளிக்குப் போகிறான். பெரிய வேலை, ஆறு மாதம், நடுவில் வர முடியாது. மாட்டேன் என்றால் மேஸ்திரி வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். போனில் சொல்லியிருக்கலாம்தான். பிள்ளை அழுதால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் சுற்று முடிந்து அவன் மடியில் படுத்தவள் கண்ணைத் திறந்தாள். "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கறே?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கண்ண மூடு."

"என்னமோ சொல்ல வர்றே."

"எல்லாங் கடைசீல பேசிக்கலாஞ் சாமி." அவள் கண்களை உள்ளங்கையால் பொத்தினான்.

ஐந்தாம் சுற்றில் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. ஆறு மணிக்கு உள்ளே ஒரே ஒரு மேஜைதான் மிச்சம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். எதிரே இருந்த பையன் கொட்டாவி விட்டபடி நாற்காலியில் சரிந்திருந்தான். ஜீவிதா காலையில் உட்கார்ந்த மாதிரியே முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஊட்டின தெம்பு. பூரித்துப் போனான். அடுத்த நொடியே, பாழாய்ப்போன தெம்பு என்று எரிச்சலும் வந்தது. 'தோத்தாலும் பரவால்ல, எந்திரிச்சு வந்துரு சாமி' என்று வேண்டிக்கொண்டான். பெற்ற தகப்பன் வேண்டுகிற வேண்டுதலா அது!

ஆறு நாற்பதுக்குத்தான் ஓடி வந்தாள். "அஞ்சுக்கு அஞ்சுப்பா! எல்லாம் ஜெயிச்சுட்டேன்!"

அவளைக் கட்டிக்கொள்ளக்கூட விடவில்லை வார்டன் மல்லம்மா. "பேக பா, லேட் ஆயித்து!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி, கோப்பையை நாளை வாங்கிக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். மற்ற பிள்ளைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன. வேன் உறுமியது.

ஜன்னலில் முகம் தெரிந்தது. "எதுத்தாப்புல இருந்தவன் டயர்டாயிட்டான்ப்பா. எனக்கு ஒண்ணுமே ஆகலை! ஆமா, என்னமோ சொல்லணும்னியே?"

அம்மா போனபிறகு அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"நல்லா வெளையாண்டே கண்ணு. அதான்."

"அடுத்த மாசம் மண்டியாவுல போட்டி. வருவே இல்ல?"

"வராம நான் எங்க போயிறப் போறேன்?" என்றான்.

வேன் கிளம்பிவிட்டது.