மஞ்சள் துணியில் முடிந்த ஆட்டோ காசு

அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புத்தூர்ப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேர்க்கச் சொல்லிப் பெண்களிடம் கூட்டம் நடத்துவது என் வேலை. அவன் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "மேடம் பாங்கு தொறந்துட்டாங்கடோய்" என்று கத்துவான். கூட்டத்தில் இருக்கும் அவன் மனைவி தலையைக் குனிந்துகொள்வாள்.

அவர்கள் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஊர்ப் பள்ளியின் மேல் வகுப்புகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். லாரிகள் பறக்கும் சாலை. ஆட்டோ இல்லாமல் அனுப்ப முடியாது, ஆட்டோக்காரரோ ஜூனில் பள்ளி திறக்கும்போதே முன்பணம் வேண்டும் என்றார். அவள் அரிசி டப்பாவில் ஒளித்தாள், அவன் எடுத்துக் குடித்தான். தலையணைக்குள் வைத்துத் தைத்தாள், கிழித்து எடுத்துக் குடித்தான்.

பொறுக்க முடியாமல் நான்தான் யோசனை சொன்னேன். "மஞ்சத் துணியில முடிஞ்சி சாமி படத்துக்கிட்ட வெச்சிடு. ஏழுமலையானுக்கு வேண்டிக்கினேன்னு சொல்லு." எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அந்த முடிச்சில் கை வைக்க மாட்டான். அவனும் வைக்கவில்லை. மாதாமாதம் முடிச்சு பருத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன ஊரிலெல்லாம் இதே தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

பள்ளி திறக்கும் வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனால், வாசலில் மொட்டைத் தலையோடு நிற்கிறான்.

"சாமி துட்டை எத்தினி நாளு வூட்ல வெச்சிக்கினு இருக்கிறது மேடம்? குடும்பத்துக்கு ஆவாது. நடந்தே மலை ஏறி உண்டியல்ல போட்டுட்டு வந்தேன். குடியையும் விட்டுட்டேன்."

வாழ்நாளில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். அதற்காகவே அவனை அறையலாம் போலிருந்தது.

பின்கட்டில் அவளைப் பிடித்து, "உண்மைய சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா?" என்று சீறினேன்.

"சாமி பேர்ல பொய் சொன்னேன்னு சொல்லவா?" அவள் குரல் என்னுடையதைவிடச் சூடாக இருந்தது. "நீங்க போய்ச் சொல்லுங்களேன். வாசல்லதான் நிக்கிறாரு."

நான் போகவில்லை. எனக்கும் அந்தச் சாமியிடம் பயம்தான்.

அப்போது மகள் ஓடிவந்து என் கையில் லட்டுத் துண்டை வைத்தாள். "நைனா குடுக்கச் சொன்னாரு. மேடம், திங்கக்கெழம ஆட்டோ எத்தினி மணிக்கு வரும்?"

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க?" என்றாள் அவள். "உங்களத்தான கேக்குறா. சொல்லுங்க."