நாற்பத்தாறு பல்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. லென்ஸ் ஒரு இழை பெரிதாக வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் கிடையாது. இருந்த ஒரே சொந்தம் அண்ணன். அந்த அண்ணன் ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து விழுந்தார். வலப்பக்கம் போனது, பேச்சும் போனது.

அன்றிலிருந்து தம்பிக்கும் உள்ளே ஏதோ மரத்துப்போயிற்று. அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, மணியைப் பார்த்துச் சாப்பிட்டார். யாராவது ஜோக் அடித்தால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெஷினைப் போட்டார். "மனுஷனா, கல்லா?" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

அண்ணன் இருந்தது ஆற்றோரத்துப் பராமரிப்பு இல்லத்தில். பட்டறை மேட்டில். நடுவில் பதினைந்து கிலோமீட்டர், அதில் முக்கால்வாசி இறக்கம். இல்லத்தில் சாயங்காலச் சாப்பாடு ஐந்தரைக்கு வரும். ஐந்தே முக்காலுக்கு, சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊட்டினால் நாலு ஸ்பூன் இறங்கும். மற்ற நாளில் யார் ஊட்டினாலும் அண்ணன் வாயை இறுக மூடிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். திங்கட்கிழமை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்குள் ஒரு வேளையாவது முழுக் கிண்ணமும் வாய் வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் மூக்கில் குழாய்தான்.

மில்லிமீட்டருக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். அண்ணனுடைய சைக்கிளில் போனால் ஐந்து நாற்பத்தெட்டு. பாழாய்ப்போன மூன்றே நிமிடம்! மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார்.

"அடுத்த ஷிப்ட் ஆள் வராம மெஷினை விட்டுட்டுப் போறேங்கறீங்களே, நியாயமா இருக்கா?" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

சைக்கிளையும் குறை சொல்ல முடியாது. அது சைக்ளோகிராஸ் சைக்கிள். சேற்றிலும் புல் மேட்டிலும் பந்தயம் விடுவதற்கென்றே செய்தது. அண்ணன் இருபது வருஷமாக ஞாயிறுதோறும் அதில் போய்ச் சேறு பூசிக்கொண்டு வந்தவர். சேற்றில் வேகம் எங்கே இருக்கிறது? அதனால் கியர் எல்லாம் லேசு. தார் ரோட்டு இறக்கத்தில் விட்டால் கால் மட்டும் மிக்ஸி மாதிரி சுற்றும், வண்டி நகர்வேனா என்னும்.

மில்லிமீட்டர் காகிதத்தில் கணக்குப் போட்டார். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு முப்பத்தாறு பல். பின்னால் ஆகச் சின்னதுக்குப் பன்னிரண்டு. பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் மூன்று சுற்று. முன்னால் நாற்பத்தாறு போட்டால் கிட்டத்தட்ட நான்கு. எப்படிப் பார்த்தாலும் ஐந்து நிமிடம் மிச்சம்.

புதன்கிழமை சைக்கிள் கடைக்காரம்மா புதுப் பல்சக்கரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இறக்கத்துல பறக்கலாம் சார். திரும்பி ஏறணுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தள்ளிட்டுப் போவேன்."

"அவ்வளவு தூரமா? முட்டி போயிடும்."

"போகட்டும்."

அதில் வீராப்பு ஒன்றும் இல்லை. முட்டி போவதைப் பற்றி யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை வந்தால் மாட்டித் தருகிறேன் என்றாள். சனிக்கிழமை என்றால் காரியம் கெட்டது. வியாழன் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தாமே மாட்டிவிட்டார்.

சாயங்காலம் இறக்கத்தில் வண்டி அம்பாகப் போனது. கண்ணில் நீர் வழிந்தது, அது காற்றினால். இல்லத்து வாசலில் மணி ஐந்து நாற்பத்து மூன்று. நிறுத்திப் பூட்ட ஒரு நிமிடம் ஆகுமே என்று சைக்கிளோடு வார்டுக்குள்ளேயே நுழைந்தார்.

"ஐயோ, இது என்ன வண்டி விடுற இடமா சார்?" என்று நர்ஸ் கத்தினாள். கிண்ணத்தை எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மில்லிமீட்டர் ஸ்பூனை எடுத்தார். "அண்ணா, வாயைத் திற."

அண்ணன் திறக்கவில்லை. அவர் பார்வை தம்பி மேலேயே இல்லை, சைக்கிள் மேல் இருந்தது. முன் பல்சக்கரத்தைப் பார்த்தார். பின்னால் பார்த்தார். முகம் கோணியது, இடது கை எழும்பியது.

"செ... செயின்."

ஏழு மாதத்தில் முதல் வார்த்தை. "அட, பேசுறாரு!" என்றாள் நர்ஸ்.

தம்பி திரும்பிப் பார்த்தார். முன்னால் பத்துப் பல் கூட்டியவர் செயினின் நீளத்தைக் கூட்டவில்லை. அது விறைத்து நின்றது. ஏற்றத்தில் கால் வலிக்கிறதே என்று பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியிருந்தால் கியர் மாற்றும் பாகம் பிய்ந்து சக்கரத்தில் மாட்டியிருக்கும். லாரி போகிற ரோட்டில் குப்புற விழுந்திருப்பார். காகிதத்தில் இவ்வளவு கிறுக்கியவருக்கு இது தோன்றவே இல்லை.

"மு... முட்டா..." என்று அடுத்ததற்கு அண்ணன் வாயைத் திறந்தார். தம்பி சட்டென்று ஸ்பூனை உள்ளே விட்டார். திட்ட வந்தவர் விழுங்கிவிட்டார்.

"விடாதீங்க சார்! இன்னும் திட்ட வைங்க," என்று நர்ஸ் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"டயருக்கு ரெண்டு மாசமா காத்தே அடிக்கல," என்றார் தம்பி. ஒரு ஸ்பூன் போனது.

"செயினுக்குச் சமையல் எண்ணெய்தான் விட்டேன்." அதற்கு மூன்று ஸ்பூன்.

"உன் ரேஸ் ஷூவைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். அவர் அதைப் போட்டுக்கிட்டுத்தான் தோட்டத்துக்குத் தண்ணி விடுறார்." அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, கிண்ணம் பாதிக்குக் கீழே இறங்கியது. சைக்கிளுக்குச் செய்த பாவங்களையெல்லாம் தம்பி ஒவ்வொன்றாகக் கொட்டித் தீர்த்தார்.

கடைசியில் அடியில் ஒரு ஸ்பூன் இருந்தது. சொல்வதற்கு வேறு தப்பு இல்லை, ஒன்றைத் தவிர.

"நீ விழுந்த அன்னிக்கு எனக்கு மூணு தடவை போன் பண்ணின. நான் பார்த்தேன் அண்ணா. மறுபடியும் ரேஸ் பத்திப் பேசி அறுப்பியேன்னு எடுக்கல."

அண்ணன் திட்டவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் பாதி வழியில் நின்று, மசித்த சாப்பாடு போர்வையில் சொட்டியது. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அண்ணன் இடது கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த ஸ்பூனைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.