பள்ளிரட்டு

கழுத்துப் பட்டிக்குள் சில்லென்று இறங்கி, மழையா பனியா என்று நாம் தீர்மானிப்பதற்குள் சட்டையை நனைத்துவிடும் ஈரத்துக்கு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் "பனிழை". மிஞ்சிய சோற்றைக் கோதுமை மாவோடு பிசைந்து சுட்டால் அது "சோரொட்டி". இரண்டு சொற்களை முட்டவிட்டு ஒன்றாக்குவதில் எங்களை மிஞ்ச பதுளை மாவட்டத்திலேயே ஆள் கிடையாது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?" என்று அம்மா திட்டாத நாளில்லை.

அம்மா காலையிலேயே பெரட்டுக்குப் போய்விடுவாள். கொழுந்து பறிக்கப் போகுமுன் பேர் பதியும் அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பி வரவேண்டியதுதான். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவது என் பொறுப்பு. ஆயா வந்து கதவைத் திறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியரோ, பிந்தி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அது புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு. வாரத்தில் மூன்று நாள் வாசலோடு திரும்பினால் எங்கே பாஸாவது? அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் "பள்ளிரட்டு".

ஒருநாள் வாசலில் நின்று நான் அதை முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சொன்னனீ? உதுக்கு என்ன கருத்து?"

வாய் சும்மா இருக்கவில்லை. "பெரட்டுக்கு லேட்டா போனா அம்மாவ திருப்பி அனுப்பிருவாங்க சார். இங்கயும் அப்படித்தானுங்களே. பள்ளிக்கூடமும் பெரட்டும் ஒன்னாயிருச்சு, அதான் பள்ளிரட்டு. காம்பரா தொறக்காம தம்பிய நான் எங்க சார் விடுறது?"

"இந்தச் சொல் இனிமேல் இந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கக்கூடாது" என்றார் அவர். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தால் வாசல் திறந்து கிடந்தது, நிறுத்த ஆளில்லை. முதல் பாடவேளையில் நடந்த பரீட்சை வகுப்பைத் தலைமை ஆசிரியர் இரண்டாம் பாடவேளைக்கு மாற்றியிருந்தார். அந்த ஆண்டு நான் பாஸானேன்.

இன்று அதே பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. பிந்தி வரும் பிள்ளைகள் தலையைத் துவட்டிக்கொண்டே, "பனிழைங்க டீச்சர்" என்று சாக்குச் சொல்லியபடி உள்ளே நுழைகிறார்கள். "பள்ளிரட்டு" என்றால் என்னவென்று கேட்டுப் பார்த்தேன், ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. நாங்கள் செய்த சொற்களிலேயே கெட்டிக்காரச் சொல் அதுதான். அது யாருக்கும் தேவைப்படாமல் செத்துப்போனதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.