எட்டு நிமிடத்துக்கு ஒரு கடிதம்

ஒத்மார் ஏபி இருபத்தைந்து வருடமாக ஒருநாளும் பிந்தியதில்லை. காலை ஏழு இருபது, மாலை ஐந்து இருபது. மணியை அடிப்பார், குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் குழாயில் ஊதுவார், கையைக் கழுவுவார், கவுண்டரில் தரும் ஊசியை வாங்கித் தாதியின் கண்முன்னால் தொடையில் தானே போட்டுக்கொள்வார், பிறகு இருபது நிமிடம் நாற்காலியில் இருப்பார். ஊசிக்குள் இருப்பது ஹெரோயின். கள்ளச் சரக்கில்லை, டாக்டர் எழுதிக்கொடுத்து, சுகாதாரக் காப்புறுதி ஏற்றுக்கொண்ட சுத்தமான ஹெரோயின். அதைப் போட்டால் ஏபி பறக்கமாட்டார். கால் தரையில் நிற்கும், அவ்வளவுதான்.

ஆரே ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மருத்துவ நிலையத்தில் நான் இருபத்தொரு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். பெயர் யோகேஸ்வரி. இந்த ஊர்க்காரருக்கு நாக்கு அவ்வளவு தூரம் போகாது என்பதால் 'யோகா' என்று சுருக்கிவிட்டார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னிடம் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

தலைமைத் தாதியின் பெயர் ரெகுலா. லத்தீன் மொழியில் அதற்கு 'விதி' என்று அர்த்தமாம். பெற்றவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கவுண்டர் ஐந்தரைக்கு மூடவேண்டும் என்றால் ஐந்தரைக்கு மூடும். ஐந்து முப்பத்தொன்றுக்குக் கடவுள் வந்து நின்றாலும் நாளைக்கு வரச்சொல்லுவாள்.

இந்த நாட்டில் ரயில்வேயில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தால் விழா வைப்பார்கள். வங்கியில் இருந்தால் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். ஏபிக்கும் இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று ரெகுலா கண்டுபிடித்துவிட்டாள். எதற்கு இருபத்தைந்து வருடம் என்று அவள் யோசிக்கவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே! வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு வரச்சொல்லி, தாயின் கைப்பக்குவத்தில் தானே செய்த கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். வாழ்த்து மட்டையில் "தங்கள் நீண்டகால விசுவாசத்துக்கு நன்றி" என்று எழுதியிருந்தது.

ஏபி அன்றைக்குச் சலவை செய்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கேக்குக்காக இல்லை. ஆறு நாலு ரயிலில் அவருடைய மகள் ராஹேல் வருகிறாள். ஊசி வரைக்கும் எல்லாவற்றையும் அவர் அவளுக்கு எழுதியிருந்தார். அவளை அவர் பார்த்து இருபத்தாறு வருடம். அவளுக்கு ஏழு வயதில், தாய் அவளை ஸ்டேஷன் மணிக்கூட்டின் கீழே விட்டுவிட்டுப் போயிருந்தாள், அப்பா வந்து கூட்டிப்போவார் என்று. அப்பா ஆற்றங்கரைப் பூங்காவில் ஊசியோடு கிடந்தார். பிள்ளை நான்கு மணி நேரம் நின்றது. மறு வாரமே தாய் அவளைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். இதை ஏபி எனக்கு ஒரு தடவைதான் சொன்னார், நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, தரையைப் பார்த்தபடி.

"எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கிறன் யோகா. அஞ்சு இருபதுக்கு ஊசி. அஞ்சு நாற்பத்தஞ்சுக்கு வெளிக்கிடுறன். ஆறு மணிக்கு மணிக்கூட்டுக்குக் கீழ நிப்பன்" என்றார். கேக்கில் ஒரு பெரிய துண்டைச் சாப்பிட்டார். டாக்டர் க்ளோர் இரண்டு துண்டு சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டேன் என்பதால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து இருபதுக்கு ஏபி குழாயில் ஊதினார். கருவி 0.7 என்று காட்டியது. அரைக்கு மேலே போனால் அன்றைக்கு ஊசி இல்லை. ஹெரோயினும் மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

"குடிச்சனீங்களோ?" ரெகுலா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருசமாத் தொட்டதில்லை! உங்கட கேக்கைத்தான் சாப்பிட்டனான்."

"கேக்கில சாராயம் ஒண்டும் இல்லையே. கிர்ஷ் மட்டும்தான்."

கிர்ஷ் என்பது செர்ரிப் பழத்தில் வடிக்கும் சாராயம். பிரண்டியோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் இந்த ஊரில் அதைச் சாராயம் என்று யாரும் எண்ணுவதில்லை. சீஸ் குழம்பில் ஊற்றுவார்கள், கேக்கில் ஊற்றுவார்கள், தடிமன் வந்தால் நெஞ்சில்கூடத் தடவுவார்கள்.

"எவ்வளவு ஊத்தினனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"அம்மா ஊத்துற அளவுதான். அரைப் போத்தல்."

வரிசையில் ஏபிக்குப் பின்னால் நின்ற மொனிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் பதினைந்து வருட ஆள், வாய் சும்மா இருக்காது. "ஹெரோயின் குடுக்கிற இடத்தில கேக்கால வெறியாம்! ரெகுலா, நீரும் ஒருக்கா ஊதிப் பாருமன்."

ஊசி கொடுக்கிறவர் வாயில் பூச்சியம்தான் காட்டவேண்டும் என்பதும் விதி. ரெகுலா நேர்மையானவள், ஊதினாள். 0.9. டாக்டர் க்ளோர் ஊதமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். மொனிகா கருவியைப் பிடுங்கி ஊதினாள், பூச்சியம். கட்டிடத்துக்குள் தெளிவாக இருந்தது போதைக்காரியும் துப்புரவுக்காரியும்தான். எங்கள் இருவருக்கும் ஊசி கொடுக்க அனுமதி இல்லை, அன்றைக்கு வேறு தாதியும் இல்லை.

வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் பொறுத்தால் வாயில் இருக்கிற வாசம் போய்விடும், திரும்ப ஊதலாம் என்றார் டாக்டர். அப்போது ஐந்து இருபத்திநாலு. கால் மணி நேரம் போனால் கவுண்டர் மூடியிருக்கும்.

ஏபி மூக்கைத் துடைத்தார். ஊசி பிந்தினால் முதலில் மூக்குத்தான் ஒழுகும், பிறகு வியர்க்கும், பிறகு கால் உதறும். "நான் இப்பிடியே போறன்" என்றார்.

"போனால் ஆறரைக்குக் கால் உதறும்" என்றாள் ரெகுலா. "மகள் உங்களைப் பாக்கமாட்டாள், உங்கட காலைத்தான் பாப்பாள்."

"பிந்திப் போனால் ஆளே நிக்கமாட்டாள்!" என்று கத்தினார் ஏபி. இருபத்தொரு வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

ரெகுலா கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைப் பார்த்தாள். அதில் பதினான்காவது விதியை வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு நடந்துபோய், சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தாள்.

"காலாண்டுத் தீப்பயிற்சி!" என்றாள் மஞ்சள் மேலங்கியை மாட்டியபடி. "பயிற்சி நேரத்தில கவுண்டர் நேரம் நிக்கும். மிச்ச நிமிசம் பிறகு திருப்பித் தரப்படும். எல்லாரும் முற்றத்துக்கு!"

அவள் விதியை மீறவில்லை. ஒரு விதியின் தலையில் இன்னொரு விதியை ஏற்றிவைத்தாள். இல்லாத தீக்குப் பயந்து பதினோரு பேர் முற்றத்தில் குளிரில் நின்றோம். பெயர் கூப்பிட்டாள், எண்ணினாள், ஒருவர் குறைந்ததால் திரும்ப எண்ணினாள். தன்னை எண்ண மறந்திருந்தாள். ஏபியும் ரெகுலாவும் டாக்டரும் வரிசையாக நின்று பூச்சாடிக்குள் வாய் கொப்பளித்துத் துப்பினார்கள்.

ஐந்து முப்பத்தொன்பதுக்கு உள்ளே வந்தோம். ரெகுலா ஊதினாள், பூச்சியம். ஏபி ஊதினார், பூச்சியம். ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஊசி. ஆனால் அந்த இருபது நிமிட நாற்காலி இருக்கிறதே, அதற்கு மேல் ஏற்றிவைக்க ரெகுலாவிடமும் விதி இல்லை. ஏபி கைகளை முழங்காலில் வைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெகுலா ஸ்டேஷனுக்கு ஓடினால் எத்தனை நிமிடம் என்று விரல்விட்டு எண்ணினாள், பிறகு உள்ளே எதையோ தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.

ஆறு மணியோடு எனக்கு வேலை முடிந்தது. ஆறு இரண்டுக்கு அவரோடு நானும் வெளியே வந்தேன். அவர் ஓடினார். அறுபதை நெருங்குகிற ஆள், மூட்டு மடங்காது, ஆனாலும் ஓடினார். ஆறு பன்னிரண்டுக்கு ஸ்டேஷன் மணிக்கூட்டின் கீழே போய் நின்றோம். சாம்பல் கோட்டு போட்ட ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். அதே மணிக்கூடுதான்.

ஏபிக்கு மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். அவள் உரக்க வாசித்தாள். "திரு. ஒத்மார் ஏபி அவர்கள் இன்று எட்டு நிமிடம் தாமதித்தமைக்கு நிலையத்தின் தீப்பயிற்சியே காரணம். அவர்மீது எந்தத் தவறும் இல்லை."

நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு நிமிசத்துக்குக் கடிதம் இருக்கு. மிச்ச இருபத்தாறு வருசத்துக்கு?"

"அதுக்கு இல்லை" என்றார் ஏபி. "அது முழுக்க நான்தான்."

அவள் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உங்களுக்குக் காலமை ஊசி எத்தினை மணிக்கு?"

"ஏழு இருபதுக்கு."

"அப்ப எட்டு மணிக்கு இதே இடத்தில நிப்பன். கோப்பி குடிப்பம்."

"கட்டாயம் வருவன், என்ன நடந்தாலும் நான்..."

"வாறன் எண்டு சொல்லாதையுங்கோ" என்றாள் ராஹேல். "வாங்கோ."

மறுநாள் ஏழு மணிக்கே அவர் கதவடியில் நின்றார். ரெகுலா காலை வணக்கம் சொல்லி, தட்டில் பிஸ்கட் நீட்டினாள். ஏபி உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். குழாயில் ஊதும்வரை அவர் வாயைத் திறக்கவேயில்லை.