பன்னிரண்டாம் ஸ்தலத்தில் வைத்த படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு தடவை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மேலே சிலுவை அடையாளம் போட்டு, அதோடு நிறுத்திவிட்டேன். அதில் ஒரு நோட்டில் பிறகு என் மகள் தையல் வகுப்புக்கு அளவு எழுதிக்கொண்டாள். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் போன மாதம் பட்டாபிராமில் ஒரு துக்க வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் இதே விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் படத்தின் கண்ணிலிருந்து ரத்தம் வந்தது. அப்படி ஒன்றும் வரவில்லை. அந்தப் படம் என் வீட்டில் இருந்தது. அதனால் இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. சாமான் வந்தால் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அளந்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் சிவப்புப் பெயின்ட் பூசி ஒதுக்குவேன். பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட நான் விட்டதில்லை. இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் பின்னால் தெரியும்.

பெரிய வெள்ளியன்று காலையில் சிலுவைப்பாதை, அதாவது ஆண்டவர் பட்ட பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நின்று ஜெபிப்பது, எங்கள் குவார்ட்டர்ஸ் தெருக்களிலேயே நடக்கும். பதினான்கு வீட்டு வாசலில் பதினான்கு ஸ்தலம். வீட்டுக்காரர் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தன் ஸ்தலத்துக்குரிய படத்தை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஒரு ஸ்தலம் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால், அவர் ரிட்டயர் ஆகிக் காலி செய்யும்வரை அவருக்குத்தான். பன்னிரண்டாவது, ஆண்டவர் சிலுவையில் உயிர்விடுகிற ஸ்தலம். அங்கேதான் ஜனங்கள் அதிக நேரம் முழங்காலில் நிற்பார்கள், அங்கேதான் அழுவார்கள். அதை வைத்திருந்த பெரியவர் ரிட்டயர் ஆனபோது, அடுத்தது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீட்டை எடுத்தவள் என் மகள், அப்போது ஐந்து வயது. வந்தது என் பேர்.

எதிர்வீட்டு அண்ணன் எழுந்துவிட்டார். அவர் என்னைவிட மூத்தவர், பதினோராம் ஸ்தலம் அவருடையது, ஆண்டவரை ஆணியடிக்கிற ஸ்தலம். "உன் பொண்ணை வச்சே சீட்டு எடுத்தா உன் பேருதான் வரும். காலமெல்லாம் நான் ஆணி அடிக்கணும், நீ அழுகையை வாங்கிக்கணும், அப்படித்தானே?" என்றார். அத்தோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம். என் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்கு அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர் மகன் கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில் வந்தது, தெருவைக் கடந்தால் எங்கள் வீடு. அதற்கு முன்னால் அவர் இல்லாமல் நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியதே கிடையாது. தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை அவருக்காக உருட்டுவேன். ஆனால் பன்னிரண்டாம் ஸ்தலத்தை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஏழாவது வருஷம் தவக்காலத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, என்னுடைய பழைய படத்தைச் செல் அரித்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் சிலுவை இருந்தது, ஆண்டவர் இல்லை. இன்னொன்று, தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். வெளிநாட்டுப் பாட்டுக்காரர்கள் முள்முடி வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார்கள், சிலுவையில் தொங்கிக்கொண்டு பாடுகிறார்கள், ஜனங்கள் திடுக்கிட வேண்டும் என்றே செய்கிறார்கள், அந்தக் கேசட்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தான் பேசுவான் என்றார். வீட்டில் அந்த மாதிரி கேசட்டோ படமோ இருந்தால் சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுவந்து கொளுத்துங்கள் என்றார். வசூல் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிப்பான். அவனிடம் ஒரு ஆங்கிலக் கேசட் இருந்தது. சோதிக்காமல் எதையும் ஒதுக்குவது என் வழக்கம் இல்லையே. கேசட்டை ஸ்குரூ கழற்றி, நாடாவைத் திருப்பிச் சுற்றி, டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. நேராக ஓட்டினாலும் எனக்குப் புரியாத பாட்டுதான் அது. அவன் சுவரில் சாய்ந்து நின்று, "சாத்தான் இங்கிலீஷ்ல பேசுனா உங்களுக்கு எப்டி மாமா தெரியும்?" என்றான். சந்தேகத்துக்கு அதையும் சாக்கில் போட்டேன்.

வீடு வீடாகப் போனதில் சாக்கு நிறைந்தது. முக்கால்வாசி சினிமாப் பாட்டுக் கேசட். ஒரு அம்மா, எரிக்கத்தானே போகிறீர்கள் என்று பழைய பாய் ஒன்றையும் கொடுத்தார். மச்சான் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதச் சுருளைக் கொடுத்தான்.

மைதானத்தில் தீ மூட்டியாயிற்று. சுருளைப் பிரிக்காமல் போட எனக்குக் கை வரவில்லை. பிரித்தேன். முதல் மூன்றும் தலைமுடி விரித்த ஆட்கள், நாக்கை நீட்டிக்கொண்டு. நெருப்பில் போட்டேன். நாலாவதைப் பிரித்ததும் என் கை நின்றுவிட்டது. சிலுவையில் கை விரித்து, முள்முடியோடு, தலை சாய்ந்து, நீள முடி தோளில் விழுந்து, ஒல்லியான உடம்பு. பின்னால் இருட்டு, கீழே புகை. அவ்வளவு துக்கமான முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஆண்டவர் படத்தையா இதுல வச்ச?" என்று பக்கத்தில் நின்ற மச்சானைக் கேட்டேன்.

"மாமா, அது வந்து..."

"வாயை மூடு. ஒரு வார்த்தை பேசாதே."

அவன் மூடிக்கொண்டான். இதையும் கேட்பீர்கள், போதகர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று. போதகர் சொன்னபோது என் மனதில் வந்தது கொம்பும் வாலும் வைத்த ஆள். இது அப்படி இல்லையே. செல் அரித்த படத்துக்குப் பதிலாக ஆண்டவரே நெருப்பிலிருந்து தன்னை எடுத்துக் கொடுத்தார் என்று நம்பி, அங்கேயே சிலுவை வரைந்துகொண்டேன்.

மறுநாள் பூந்தமல்லியில் கண்ணாடி ஃப்ரேம் போடும் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் படத்தை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணாத்தே, காதுல ஒண்ணு மின்னுதே."

"அந்தக் காலத்துல யூதர் போட்டிருப்பாங்க பாய்."

"கண்ணுல மை வச்ச மாதிரி கீது."

"ராத்திரி முழுக்க அடி வாங்கின கண்ணு."

"கீழ தோல் பேண்ட்டு தெரியுது. பூட்ஸு வேற. கிடார் ஒண்ணு சாஞ்சிகினு கீது."

அதைக் கண்டு எனக்கும் ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு, வெளிநாட்டுக்காரன் அச்சடித்தது, அவன் ஊர் வழக்கப்படி வரைந்திருப்பான், நம் ஊரில் மாதாவுக்குப் பட்டுப்புடவை கட்டவில்லையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாய் ஸ்கேலை வைத்து, "இன்னா நைனா, எங்கிட்ட கீற ஃப்ரேமுக்கு இடுப்புக்கு மேலதான் புடிக்கும். கீழ வெட்டிடவா?" என்றார். வெட்டச் சொன்னேன். முத்திரை குத்தியாயிற்று.

பெரிய வெள்ளி வந்தது. பதினோராம் ஸ்தலம் முடிந்து, ஜனங்கள் பத்தடி நடந்து தெருவைக் கடந்து என் வாசலுக்கு வந்தார்கள். எல்லோரும் முழங்காலிட்டார்கள். வழக்கமாக எதிர்வீட்டு அண்ணன் என் ஸ்தலத்தில் கடைசி வரிசையில் நின்று, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு முன்னால் வந்துவிட்டார். தலை குனிந்தவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெபம் முடிந்து எழுந்து, இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டார். "ஆறு வருஷம் வீணாப் போச்சு தம்பி, மன்னிச்சுக்கோ" என்றார். பதிமூன்றாம் ஸ்தலத்துக்கு இரண்டு பேரும் கைபிடித்துக்கொண்டு போனோம். ஈஸ்டருக்கு அவர் வீட்டுப் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடையைக் கடந்துபோனேன். கண்ணாடிக்குள் ஆண்டவர். முழுசாக. தோல் பேண்ட், பூட்ஸ், காலடியில் கிடார். தலைக்கு மேல் சொட்டுச் சொட்டாக வழிகிற எழுத்தில் ஒரு ஆங்கிலப் பேர். பாய் வெட்டினது கீழே மட்டும் இல்லை, மேலேயும்தான் என்று அப்போது ஞாபகம் வந்தது.

"இது யாருப்பா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வெளிநாட்டுப் பாட்டுக்காரரு சார். சிலுவைல தொங்கிகினே பாடுவாரு. அங்க சாமியாருங்க, அப்பா அம்மாங்க எல்லாம் கத்துவாங்களாம். கத்துனா கேசட்டு போவும்."

"இங்கே யாரும் கத்தலையா?"

"இங்க எங்க சார். நேத்து ஒரு அம்மா பஸ்ஸுக்கு நின்னவங்க, பாத்துட்டு கன்னத்துல போட்டுகினு போனாங்க."

வீட்டுக்கு வந்து மச்சானைக் கூப்பிட்டேன். "நான் சொல்லத்தான் வந்தேன் மாமா. நீங்கதான் வாய மூடுன்ட்டீங்க" என்றான். "அப்பறம் அம்மாம் பேரு முட்டி போட்டாங்க. அந்தாளே வந்து பாத்திருந்தா பயந்து ஓடிருப்பான். நான் எப்டி சொல்றது?" என் மனைவி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இதைத்தான் பாஸ் பண்ணீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். சல்லடைத் துணிக்குப் பின்னால் அவர் ரொம்ப நேரம் இருமினார். இருமலா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். "இது என்ன வகைப் பாவம் சாமி, அற்பமா, சாவானதா?" என்றேன். "எனக்கே தெரியலைப்பா. அந்தப் படத்தை இனிமே வைக்காதே. என்னை வேற ஊருக்கு மாத்துற வரைக்கும் வெளியே சொல்லாதே" என்றார்.

அடுத்த பெரிய வெள்ளிக்குக் கோயில் கடையில் புதுப் படம் வாங்கி மேசையில் வைத்தேன். சிலுவைப்பாதை தொடங்கும் முன்பே எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். "அந்தப் படம் எங்கே தம்பி?" என்றார். உள்ளே இருக்கிறது என்றேன். பொய் சொல்லத் தெரியவில்லை. அவர் விறுவிறு என்று உள்ளே போய், பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்திருந்ததை எடுத்து, வேட்டியால் துடைத்து, தானே மேசையில் வைத்தார். சாமியார் வந்தார், பார்த்தார், மறுபடியும் இருமினார். எல்லோரும் முழங்காலிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே ஜெபம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் போய்விடுவார், சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு நான் யார் என்று ஜெபத்துக்கு நடுவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷமே அவர் ரிட்டயர் ஆனார். நூம்பலில் வீடு கட்டியிருந்தார். சாமான் ஏற்ற லாரி வந்து நின்றபோது, காபி குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒண்ணே ஒண்ணு கேப்பேன், குடுக்கணும். புது வீட்டுல திருஇருதயப் படத்துக்குப் பக்கத்துல அந்தப் படத்தை மாட்டணும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நெருப்பு, பாய் கடை, பேண்ட், கேசட் கடை, எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் கூடத்தில் இருந்த கிடாரை மெல்ல எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் பேச்சு நிற்கும், இந்தத் தடவை ஆறு வருஷம் இல்லை, சாகும்வரை, என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அப்போ நான் யாரு முன்னாடி அழுதேன்?" என்றார்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "நீங்க கண்ணை இறுக்க மூடிக்கிட்டுல்ல அழுதீங்க அண்ணே. நான் பக்கத்துலதானே இருந்தேன். படத்தை நீங்க பாக்கவே இல்ல" என்றாள்.

அவர் யோசித்தார். அந்த நாளை மனதில் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு படத்தைக் கொண்டுவரச் சொல்லி, மடியில் வைத்து, பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். "பதினோராம் ஸ்தலத்துக்காரன்தானே, ஆணி எனக்குப் பழக்கம்" என்றார். காகிதத்தை உருவி மச்சானிடம் கொடுத்தார். "இந்தா, உன் ஆளு. கண்ணு மையை முதல்ல துடைச்சுக்கச் சொல்லு." கோயில் கடையில் வாங்கிய படத்தை அந்த ஃப்ரேமில் போட்டு ஆணியை மடக்கி, கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். சாகும்வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

சாமியார் எப்போதோ மாற்றலாகிப் போய், காலமும் ஆகிவிட்டார். அவர் சொன்ன தடை இனி இல்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாரிடமாவது சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். படத்திலிருந்து ரத்தம் வரவில்லை. அது பேசவும் இல்லை. அந்தப் பாட்டுக்காரர் மனம் திரும்பினதாகவும் எனக்குத் தகவல் இல்லை. இன்ஸ்பெக்டராக இருந்தவன் பேண்ட்டையும் பூட்ஸையும் கண்ணால் பார்த்தும் முத்திரை குத்தினான், எதிர்வீட்டு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். இவ்வளவுதான் நடந்தது. ஒன்றும் கூட்ட வேண்டாம், பேண்ட்டையும் விட்டுவிட வேண்டாம்.