மார்க்கந்துறை

என் அப்பாவின் ஊர் வல்வெட்டி. அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஆனால் அப்பாவுக்கு நல்ல தண்ணீரும் தோட்டக்காணியும் பெருமை, அம்மாவுக்குக் கடலும் கப்பலும் பெருமை. கடல் கடந்து வந்து ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்தும் அதில் ஒரு துளி குறையவில்லை.

எனக்குப் பத்து வயதில் வீடு வாங்கும் பேச்சு வந்தது. அப்பா கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மார்க்கம் நகர் என்றார். அம்மா ஏரிக்கரையில் பிக்கரிங் என்றார்.

"உப்புக் காத்துக்குக் கார் கறள் கட்டித் துருவேறும்" என்றார் அப்பா.

"உது ஏரியப்பா, உப்பில்லை. கடலைக் கண்டிருந்தால்தானே தெரியும்!"

இந்தச் சண்டை எதில் போய் முடியுமோ என்று பயந்தேன்.

அந்தக் கிழமைதான் வகுப்பில் உள்நாட்டு நகரங்களையும் அவற்றின் துறைமுகங்களையும் பற்றிப் படிப்பித்தார்கள். விளைகிற மண் உள்ளே, கப்பல் ஒதுங்கும் ஆழம் கரையில். இரண்டும் ஓரிடத்தில் வாய்க்காதபடியால் இரண்டு ஊர், நடுவில் ஒரு தெரு. எனக்குப் பொறி தட்டியது. வல்வெட்டிக்கு வல்வெட்டித்துறை என்றால், மார்க்கத்துக்கு மார்க்கந்துறை! பிக்கரிங் வேறென்ன? ஆளுக்கொரு வீடு வாங்கினால் சண்டை தீர்ந்தது.

சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில், கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் வீட்டு விஷயம் கேட்டார்.

"அப்பா மார்க்கத்தில இருப்பார், அம்மா பிக்கரிங்கில. நான் ரெண்டு வீட்டையும் போய் வருவன்" என்றேன்.

அன்ரிக்குப் புரையேறியது.

மறுநாள் இடியப்பமும் சொதியுமாக வந்து இறங்கினார். "பிள்ளையின்ர முகத்தைப் பார்த்தாவது ஒற்றுமையா இருங்கோ. மனுசன் குடிக்கிறாரோ?"

அம்மா எழும்பிவிட்டார். "என்ர மனுசனைப் பற்றிக் கதைக்க நீங்கள் ஆர்?"

கிழமை முழுக்க அப்பாவைக் காய்ஞ்ச மண்டை என்று திட்டியது இதே வாய்தான். அப்பா தேத்தண்ணீர் ஊற்றி, விருந்தாளியை விட்டுவிட்டு அம்மாவுக்கு முதலில் நீட்டினார்.

அன்ரி போனதும் விசாரணை நடந்தது. அடி விழும் என்று நினைத்து என் திட்டத்தை முழுவதும் ஒப்பித்தேன். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா "மார்க்கந்துறை, மார்க்கந்துறை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னெண்டாலும் பிக்கரிங்தான்" என்றார்.

"மார்க்கம்" என்றார் அப்பா.

சண்டை திரும்பவும் தொடங்கியது. நான் அறைக்குள் போய்த் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அந்தச் சண்டைதான் அவர்களின் சமாதானம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.